அம்மாவின் கூலி

வணக்கம்.

திருவொற்றியூரில் அப்பாவின் லேத் பட்டறையில் மூன்று வருடமாக நானும் இருக்கிறேன். பம்பு கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க்கில் பித்தளை புஷ் (தண்டு சுழலும் குழல் வளையம்) கடைந்து கொடுக்கிறோம். ஆர்டர் நிறைய வருகிறது. கடன் வாங்கி ஒரு சிஎன்சி (கம்ப்யூட்டரில் ஓடும் லேத்) போடலாம் என்றால் அப்பா, "கடனே வேண்டாம்" என்கிறார். பிசிறு எடுப்பது, எண்ணிக் கட்டுவது எல்லாம் அம்மாவே பார்த்துக்கொள்வதால் மற்றவர்களைவிடக் குறைந்த ரேட்டில் கொடுக்கிறோம். அப்பாவுக்கு எப்படிப் புரியவைப்பது?

ச., திருவொற்றியூர்

அன்புள்ள ச.,

அப்பாவை அப்புறம் பார்ப்போம். எனக்கு உறுத்தியது அம்மாவைப் பற்றிய வரி. உங்கள் ரேட் குறைவாக இருப்பதற்குக் காரணம் அவருக்கு நீங்கள் சம்பளம் தராததுதான்.

பித்தளை பார்ட்டியுடையது, அதாவது பம்பு கம்பெனியுடையது, உங்களுக்குக் கூலி மட்டும். அதில் கரண்ட், வாடகை, டூல் தேய்மானம் எல்லாம் போட்டிருப்பீர்கள். அரம் பிடித்து உள்விளிம்புப் பிசிறை எடுத்து, ஒவ்வொன்றையும் கேஜில் போட்டுப் பார்த்து, நூறு நூறாகக் கட்டும் நேரத்தைப் போட்டீர்களா? உங்களுக்கும் அப்பாவுக்கும் கூலி போட்டீர்களா? வீட்டாள் உழைப்பு கணக்கில் ஏறாத வரை எந்த ரேட்டும் லாபமாகத்தான் தெரியும்.

சிஎன்சி வந்தால் புஷ் மளமளவென்று விழும். விளிம்பைச் சாய்வாகச் சீவும் சேம்ஃபரைப் புரோகிராமிலேயே போட்டுவிடலாம் என்பீர்கள். சரி, எண்ணெய்த் துளை போட்ட இடத்தில் உள்ளே கிளம்பும் பிசிறை யார் எடுப்பது? அம்மாவுக்கும் இரண்டு கைதான். வெளியாள் போட்டால் இந்த ரேட் கட்டுப்படியாகாது, ஆனால் தவணை தேதி மாதாமாதம் வந்து நிற்கும். 1996இல் பெரம்பூர் பி அண்ட் சி மில் மூடியதைப் பார்த்த வடசென்னைக்காரர் கடன் என்றதும் தயங்கத்தான் செய்வார். அதைப் பழைய தலைமுறையின் பயம் என்று தள்ளிவிடாதீர்கள்.

இன்னொன்று. பார்ட்டி பணம் எத்தனை நாளில் வருகிறது என்று நீங்கள் எழுதவே இல்லை. சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இருக்கிறதா? 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறு, குறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. அதைவிட, கெடுவுக்குள் தராத தொகையைக் கொடுத்து முடிக்கும்வரை வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது என்ற விதிக்குத்தான் கம்பெனிகளின் கணக்குப் பிரிவு பயப்படுகிறது. புகார் கொடுத்தால் ஆர்டர் போய்விடும் என்ற பயம் உங்களுக்கு இருக்கும், நியாயம்தான். அதனால் புகாருக்குப் போகாமல், பில்லில் உத்யம் எண்ணைப் பளிச்சென்று அச்சடியுங்கள். பல இடங்களில் அதுவே வேலை செய்யும்.

அடுத்த மாதத்திலிருந்து, அம்மா செய்யும் வேலைக்கு வெளியாள் என்ன கூலி வாங்குவாரோ அதை அவருடைய வங்கிக் கணக்கில் கட்டுங்கள். மூன்று மாதம் பாருங்கள். அதன் பிறகும் தவணை கட்டும் அளவுக்குக் கையில் நின்றால் சிஎன்சி கொட்டேஷனை அப்பா முன் வையுங்கள். நிற்காவிட்டால் பார்ட்டியிடம் போய் ரேட்டை ஏற்றிக் கேளுங்கள். போகும்போது அப்பாவையும் கூட்டிப் போங்கள், பேரம் பேச அவருக்குத்தான் தெரியும்.