மாமா அனுப்பிய வீடியோ

கேள்வி: என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். 800 மீட்டரில் மாவட்டப் போட்டி வரை போயிருக்கிறாள். என் நாத்தனாரின் பிள்ளை சில வருடங்களுக்கு முன் திருநங்கையாக மாறியவள். தீபாவளி, பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்குத்தான் வருவாள். மகளுக்கு அவள் என்றால் உயிர். பாரிஸ் ஒலிம்பிக் குத்துச்சண்டை வீடியோ ஒன்றை என் கணவர் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, "ஆம்பளைங்க பொம்பளைங்க மெடலைத் தட்டிட்டுப் போறாங்க, இவங்களை எல்லாம் உள்ளே விட்டதுதான் தப்பு" என்று எழுதிவிட்டார். அவள் குரூப்பை விட்டே போய்விட்டாள். மகள் அப்பாவோடு பேசுவதில்லை. ஆனால் என் மகளோடு அப்படி ஒருவர் ஓடினால் நியாயமா என்று எனக்கும் உள்ளுக்குள் தோன்றுகிறது. அப்படித் தோன்றுவதே தப்பா?
- பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: தப்பில்லை, சகோதரி. ஓடுகிற பெண்ணைப் பெற்றவருக்கு அந்தக் கேள்வி வராவிட்டால்தான் ஆச்சரியம்.

முதலில் அந்த வீடியோ. அதில் இருப்பவர் அல்ஜீரியாவின் இமானே கெலிஃப் என்றால், அவர் திருநங்கை இல்லை. பிறந்ததிலிருந்தே பெண்ணாகப் பதிவாகி, பெண்ணாகவே வளர்ந்தவர். அவரோடு மோதிய இத்தாலியின் ஏஞ்சலா கரினி 46 விநாடியில் போட்டியை விட்டு விலகியதும் உலகமே கெலிஃபை 'ஆண்' என்றது. அவர் உடம்பைப் பற்றிய சர்ச்சை தனி. உங்கள் நாத்தனார் பிள்ளைக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதாவது, உங்கள் கணவர் திட்டியது ஒருவரை, அடி விழுந்தது இன்னொருவருக்கு.

இந்தக் குழப்பம் நமக்குப் புதிதா என்ன? புதுக்கோட்டை சாந்தி சௌந்தரராஜனை மறந்திருக்க மாட்டீர்கள். செங்கல் சூளையில் வேலை பார்த்த பெற்றோரின் மகள். 2006-ல் தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரை 2 நிமிடம் 3.16 விநாடியில் ஓடி வெள்ளி வாங்கினார். பாலினப் பரிசோதனையில் தேறவில்லை என்று பதக்கத்தைப் பறித்தார்கள். பெண்ணாகப் பிறந்து பெண்ணாக வளர்ந்த அவருடைய மருத்துவ விவரத்தை நாடே டிவியில் அலசியது. அவரையும் இன்றுவரை திருநங்கை என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. பிறவியிலேயே உடல் கொஞ்சம் மாறி அமைந்த பெண்கள் வேறு, திருநங்கைகள் வேறு. இதை மட்டுமாவது உங்கள் கணவருக்குச் சொல்லிவிடுங்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். மகள் ஓடும் 800 மீட்டரையே எடுத்துக்கொள்வோம். ஆண்கள் உலக சாதனை கென்யாவின் டேவிட் ருடிஷாவுடையது, 2012-ல் 1 நிமிடம் 40.91 விநாடி. பெண்கள் சாதனை 1983-லிருந்து செக்கோஸ்லோவாகியாவின் யார்மிலா கிராடோக்விலோவாவிடம் இருக்கிறது, 1 நிமிடம் 53.28 விநாடி. இருவரும் ஒரே பந்தயத்தில் அதே வேகத்தில் ஓடினால், ருடிஷா முடிக்கும்போது கிராடோக்விலோவாவுக்கு இன்னும் 87 மீட்டர் பாக்கி இருக்கும். இந்த இடைவெளி பயிற்சியால் மட்டும் வருவதல்ல. பருவ வயதில் ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் தருகிற உயரம், எலும்பு, தசை, நுரையீரல் எல்லாம் சேர்ந்தது. பெண்களுக்கென்று தனிப்பிரிவு வைத்ததே இதனால்தான்.

பிற்பாடு ஹார்மோன் சிகிச்சை எடுத்தால் இது போய்விடுமா? கொஞ்சம் போகும், முழுக்கப் போவதாகத் தெரியவில்லை. அமெரிக்க விமானப்படையில் இருந்த திருநங்கைகளைப் பற்றி 2020-ல் ஓர் ஆய்வு வந்தது. இரண்டு வருட சிகிச்சைக்குப் பிறகு தண்டால் எண்ணிக்கையில் மற்ற பெண்களோடு வித்தியாசம் மறைந்துவிட்டது. ஓட்டத்தில் மட்டும் 12 சதவீதம் வேகம் கூடுதலாகவே இருந்தது. அவர்கள் ஒலிம்பிக் வீராங்கனைகள் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். உச்சத்தில் இருக்கும் திருநங்கை வீராங்கனைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள் என்பதால் அவர்களைப் பற்றிய ஆய்வு மிகக் குறைவு. டோக்கியோவில் பளுதூக்கிய நியூசிலாந்தின் லாரல் ஹப்பார்ட் மூன்று முயற்சியிலும் தோற்று வெறுங்கையோடுதான் திரும்பினார்.

இருந்தாலும், ஆண் பருவ வளர்ச்சியைக் கடந்தவர்களை சர்வதேசப் பெண்கள் பிரிவில் சேர்ப்பதில்லை என்று நீச்சல் அமைப்பு 2022-லும், தடகள அமைப்பும் கிரிக்கெட்டின் ஐசிசியும் 2023-லும் முடிவெடுத்தன. ஓட்டம், நீச்சல் போன்றவற்றில், உச்ச அளவில், அந்த முடிவு எனக்குச் சரியாகவே படுகிறது. எட்டுப் பேர் ஓடும் இறுதிப் போட்டியில் ஓர் இடம் போனால் அது யாரோ ஒரு பெண்ணின் இடம். ஆனால் 'அப்போ அவர்கள் எங்கே விளையாடுவது?' என்ற கேள்விக்கு இதுவரை யாரும் உருப்படியாகப் பதில் சொல்லவில்லை. 2023-ல் பெர்லின் நீச்சல் போட்டியில் திறந்த பிரிவு என்று ஒன்று வைத்தார்கள். ஒருவர்கூடப் பெயர் கொடுக்கவில்லை. நான் திருநங்கை என்று ஊரறிய அறிவித்துக்கொண்டு தனியாக நீந்த யார்தான் வருவார்கள்?

இதெல்லாம் உலக அரங்கின் கதை. உங்கள் நாத்தனார் பிள்ளை எந்தப் பந்தயத்துக்கும் பெயர் கொடுக்கவில்லை. அவள் வருவது பலகாரம் சாப்பிட. மெடல் விதியைப் பற்றி உங்கள் கணவருக்கு என்ன கருத்து வேண்டுமானாலும் இருக்கட்டும், 'இவங்களை எல்லாம்' என்ற வார்த்தை விதியைப் பற்றியது இல்லை. அவளுக்கு வலித்தது அங்கேதான். அதனால் நீங்கள் நடுவில் நின்று சமாதானம் பேச வேண்டாம். போனை அவரே போடட்டும். விளக்கமெல்லாம் கொடுக்காமல், "நான் எழுதினது தப்பும்மா, தீபாவளிக்கு வந்துடு" என்றால் போதும். ஒலிம்பிக்கைப் பற்றி அவளிடம் கருத்துக் கேட்காதீர்கள். அவளாகப் பேச்செடுத்தால் கேளுங்கள்.

மகளிடம் நீங்கள் நினைப்பதை மறைக்க வேண்டாம். அக்காவை நேசிப்பதற்கும், பந்தயத்தில் பிரிவு வேண்டும் என்பதற்கும் நடுவில் அவள் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. அப்புறம், அவள் உலகப் போட்டி அளவுக்குப் போனால் ஒன்று தெரிந்திருக்கட்டும். 2025 செப்டம்பரிலிருந்து தடகளத்தில் உலக அளவில் பெண்கள் பிரிவில் ஓட எல்லோருக்கும் ஒரு மரபணுப் பரிசோதனை உண்டு. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தொட்டோ, ரத்தம் எடுத்தோ, ஒருமுறை செய்தால் போதும். பள்ளி, மாவட்டப் போட்டிக்கு அந்த விதி இல்லை. குரல், மீசை, மார்பு என்று எந்த நடுவராவது பயிற்சியாளராவது அவள் உடம்பைப் பற்றிப் பேச்செடுத்தால், எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் இல்லாமல் எந்தப் பரிசோதனைக்கும் அனுப்பாதீர்கள்.