புஷ்ஷைச் சுற்றிய தகரம்

அன்புள்ள ஐயா,

என் தாத்தா ஓட்டிய 1974 மாடல் புல்லட் 350 வண்டியை நானே பிரித்துக் கட்டிக்கொண்டிருக்கிறேன். வெளியே கழுவித் துடைத்தபோது கம்பீரமாகத்தான் இருந்தது. எஞ்சினைத் திறந்ததும் மனம் வெறுத்துவிட்டது. டைமிங் கவருக்குள் கிராங்க் முனையில் இருக்கும் நட்டில் உளிக் காயங்கள். பேரிங் உட்காரும் குழியில் சுற்றிலும் பஞ்ச் குத்திய புள்ளிகள். கவர் திருகுகளில் பாதி ஓர் அளவு, பாதி வேறு அளவு. சில துளைகளில் மரையே இல்லை. எண்ணெய் வடிகட்டியில் சிலிகான் பசை உருண்டு கிடந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் சிறுமுனையில், அதாவது பிஸ்டன் பக்க முனையில், இருக்கும் புஷ் என்ற உலோக வளையத்தைச் சுற்றி ஒரு தகரத்துண்டு!

தாத்தா கடைசிவரை ஒரே மெக்கானிக்கிடம்தான் வண்டியை விட்டார். எங்கள் வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் வந்துபோனவர். இப்போதும் இருக்கிறார். இப்படி ஏமாற்றிவிட்டாரே என்று கோபமாக வருகிறது. நேரில் போய்க் கேட்கலாமா? பழைய வேலை எதையும் விட்டுவைக்காமல், கம்பெனியிலிருந்து வந்தபடியே எல்லாவற்றையும் மாற்றிவிடுவதுதானே முறை?

கே., திண்டுக்கல்

*

அன்புள்ள கே.,

கோபப்படலாம். ஆனால் நீங்கள் எழுதியவை எல்லாம் ஒரே தராசில் நிற்பவை அல்ல. ஒரு பழைய ரிப்பேரைப் பார்த்தால், அது கம்பெனி வைத்ததைப்போல இருக்கிறதா என்று நான் பார்ப்பதில்லை. அடுத்து இந்த எஞ்சினைத் திறப்பவனுக்கு அது என்ன மிச்சம் வைத்தது என்றுதான் பார்ப்பேன். கழற்றி எறியக்கூடிய ஒன்றைக் கெடுத்தவனை மன்னித்துவிடலாம். எஞ்சினின் வார்ப்பு உடலையே தின்றுவிட்டுப் போனவனை மன்னிப்பது கடினம்.

திருகுகளிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரிலிருந்த ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து தொடங்கியதுதான் என்ஃபீல்டு இந்தியா. திருவொற்றியூரில் உருவான புல்லட் ஆங்கிலேய அங்குல மரைகளோடு வந்தது. அடுத்த ஆண்டே, 1956-ல், நம் நாட்டில் மெட்ரிக் அளவுகளுக்கான சட்டம் வந்துவிட்டது. ஊரெல்லாம் மில்லிமீட்டர் போல்ட்டுகள் நிறைந்த பிறகும் புல்லட் பல காலம் அங்குலத்திலேயே ஓடியது. உங்கள் கவரில் இருந்திருக்க வேண்டிய கால் அங்குலத் திருகுக்கு ஓர் அங்குலத்தில் 26 மரைகள். எம்6, அதாவது 6 மில்லிமீட்டர் மெட்ரிக் திருகுக்கு மரைக்கு மரை 1 மில்லிமீட்டர் இடைவெளி. அங்குலக் கணக்கில் 25.4. இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். விட்டத்தில்தான் வித்தியாசம்: 6.35-க்கு 6. ஆகவே எம்6 திருகு அந்தத் துளையில் கையாலேயே வழுக்கிக்கொண்டு இறங்கும். சரியான திருகு கிடைத்துவிட்டது என்றே தோன்றும். ஸ்பானரை வைத்து இறுக்கினால், மரைகளின் நுனியை மட்டும் கடித்துக்கொண்டிருக்கும் அது அலுமினியத்தைச் சீவிக்கொண்டு வந்துவிடும். இதைச் செய்தவருக்கு ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வழியில்லை. திருகுதான் அவரை ஏமாற்றியது.

இதற்கு என்ன செய்வது? மரை போன துளையை 6.3 மில்லிமீட்டருக்குத் துளைத்து எம்6 ஹெலிகாயில் (பழைய மரைக்குப் பதிலாகத் துளையில் ஏற்றும் கம்பிச் சுருள்) போடுங்கள். அலுமினியத்தில் வெட்டிய பழைய மரையைவிட அது உறுதியானது. ‘அசல் அங்குலத் திருகுதான் வேண்டும்’ என்று அடம்பிடிக்கும் நண்பர்கள் உண்டு. அவர்களோடு இங்கே எனக்கு உடன்பாடில்லை. எந்த ஊர் ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும் திருகு அங்கே இருப்பது, பின்னால் வருகிறவனுக்குச் செய்யும் உதவி. ஒன்று மட்டும்: ஒரு கவரில் எல்லாத் துளைகளையும் ஒரே அளவுக்கு மாற்றுங்கள். பாதியும் பாதியுமாக விட்டால் அதே கதை மறுபடியும் நடக்கும்.

கிராங்க் முனை நட்டில் உளிக் காயம் இருப்பது பழைய புல்லட்டுகளில் அபூர்வமில்லை. எண்ணெய் பம்புகளை ஓட்டும் வார்ம் (திருகுப் பல்) அது, இடது மரை; வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, உலோகம் எந்தப் பக்கமாகத் தள்ளப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். இரண்டு திசையிலும் காயம் இருந்தால், வழக்கம்போல இடஞ்சுழியாக அடித்து இன்னும் இறுக்கிவிட்டு, பிறகு யாரோ சொல்லித்தான் திசையை மாற்றியிருக்கிறார். காயம்பட்ட வார்ம் பம்பின் பல்லைத் தின்னும், புதிதாக மாற்றிவிடுங்கள். இது கழற்றி எறியும் ரகம்தான்.

பேரிங் குழியில் இருக்கும் பஞ்ச் புள்ளிகள்தான் உங்கள் பட்டியலில் உண்மையான சேதம். சூடேற்றாத எஞ்சின் கேஸிலிருந்து (வெளி உறையிலிருந்து) பேரிங்கை அடித்தே எடுத்து, அடித்தே போட்டால் ஒவ்வொரு முறையும் குழி கொஞ்சம் சுரண்டப்படும். பிறகு பேரிங்கின் வெளிவளையம் குழிக்குள்ளேயே சுழலத் தொடங்கும். அதை நிறுத்தப் பஞ்சால் குத்தி மேடு கிளப்புவார்கள். பட்டறையில் கெட்டியாகத்தான் உட்காரும். ஆனால் வளையம் தாங்கி நிற்பது சில முனைகளின்மேல். அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். எஞ்சின் சூடானதும் பிடி தளர்ந்து, அந்த முனைகளும் நசுங்கிப்போகும். குழியில் ஆர்கான் வெல்டிங் வைத்து மறுபடி போர் செய்யலாம் (சரியான அளவுக்குக் கடையலாம்), அல்லது ஸ்லீவ் எனும் உள்வளையம் இறக்கலாம். எதுவானாலும் எஞ்சின் கேஸின் இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பூட்டி, எதிர்ப்பக்கத்து மையத்தை வைத்துப் போர் செய்யத் தெரிந்த லேத்துக்காரரிடம்தான் கொடுக்க வேண்டும். தனிப் பாதியை மட்டும் வாங்கி வைத்துக்கொள்கிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். புது பேரிங்கைப் போடும்போது கேஸை 100 டிகிரி அளவுக்குச் சூடாக்குங்கள், சுத்தியல் இல்லாமலே இறங்கும்.

சிலிகான் பசையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெளியே பிதுங்கிய அளவு உள்ளேயும் பிதுங்கும், உள்ளே பிதுங்கியது அறுந்து எண்ணெயோடு போகும். எண்ணெய் வழிகள் ஒவ்வொன்றிலும் மண்ணெண்ணெய் விட்டு, காற்றடித்து, மறுமுனையில் வருகிறதா என்று பாருங்கள். ராடின் பெருமுனைக்கு, அதாவது கிராங்க் பக்க முனைக்கு, போகும் வழியை இரண்டு முறை பாருங்கள். அங்கே என்ன இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. அசலில் மிதவை புஷ், அதாவது எண்ணெயில் தானும் சுழலும் வளையம். நம் ஊர்க்காரர்கள் பலர் அதை எடுத்துவிட்டு ரோலர் பேரிங் போட்டார்கள். அது ரோலராக இருந்தால் ‘கம்பெனி வைத்தது இல்லை’ என்று தூக்கி எறியாதீர்கள். எண்ணெய் குறைந்தால் புஷ் உடனே போகும்; ரோலர் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஒழுங்காகச் செய்திருந்தால் அது நல்ல வேலை.

இப்போது தகரம். இங்கே நான் உங்கள் பக்கம். சிறுமுனையின் கண் தேய்ந்து புஷ் தளர்ந்திருக்கிறது. வெளிவிட்டம் சற்றுப் பெரிதாக ஒரு வெண்கல புஷ்ஷைக் கடைந்து, அழுத்தி ஏற்றி, ரீமர் விட்டு உள்விட்டத்தைச் சரிசெய்திருந்தால் முடிந்தது. எந்த லேத் பட்டறையிலும் ஒரு மதியத்துக்குள் முடிகிற வேலை. பணத் தட்டுப்பாடோ பாகத் தட்டுப்பாடோ அதைத் தடுத்திருக்க முடியாது. தகரம் எண்ணெய்த் துளையை மூடியிருக்கும். கிழிந்திருந்தால் பிஸ்டன் பின்னும் சிலிண்டரும் போயிருக்கும், ஓடும்போது எஞ்சின் பிடித்திருந்தால் உங்கள் தாத்தாவும் விழுந்திருப்பார். அந்த ராடை மறுபடி பயன்படுத்தாதீர்கள். புது ராட் கிட் வாங்கிவிடுங்கள். சென்னைக்கு வந்தால் வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டில் விசாரியுங்கள்.

எல்லாவற்றையும் மாற்றுவதா என்று கேட்டீர்கள். வேண்டாம். இன்னும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நல்ல கை வேலையும் இருக்கலாம். வால்வுகளை இயக்கும் ராக்கருக்குப் போகும் எண்ணெய்க் குழாயின் செம்பு வாஷர்கள் தகட்டிலிருந்து கையால் வெட்டியவையாக இருந்தால் சூடாக்கித் தண்ணீரில் போட்டு மென்மையாக்கி மறுபடியும் போடுங்கள். ஒழுகாத வெல்டிங், அரம் போட்டுச் சமமாக்கிய விரிசல், இவற்றை அப்படியே விடுங்கள்.

மெக்கானிக்கிடம் போகலாமா? போங்கள், ஆனால் வழக்காடப் போகாதீர்கள். இத்தனை ஆண்டுகளில் அந்த எஞ்சினை அவர் ஒருவர்தான் திறந்தார் என்று எப்படித் தெரியும்? வெளியூரில் நின்றுபோன நாளில் யாரோ ஒருவர் திறந்திருக்கலாம். அவருடைய உதவியாளர் செய்திருக்கலாம். ‘நாளைக் காலை வண்டி வேண்டும், ஓடினால் போதும்’ என்று உங்கள் தாத்தாவே சொல்லியிருக்கலாம். அந்த வாக்கியத்தைச் சொல்லாத புல்லட்காரரை நான் பார்த்ததில்லை. தகரத்தைக் கையில் எடுத்துப் போய், ‘இது யார் வேலையாக இருக்கும், மாமா?’ என்று மட்டும் கேளுங்கள். தன்னுடையது இல்லையென்றால் யாருடையது என்று பெயர், ஊர், ஆண்டு எல்லாம் சொல்லிவிடுவார். ஒரு மெக்கானிக்குக்கு இன்னொருவரின் கை தெரியாமல் இருக்காது. தன்னுடையது என்றால் பேச்சை மாற்றுவார். அப்போது எஞ்சின் கேஸின் வெல்டிங்குக்கும் போருக்கும் யாரிடம் போவது என்று கேட்டுக்கொண்டு வாருங்கள். அதில் பொய் சொல்ல மாட்டார்.

ஒரு எச்சரிக்கை: ஆர்வத்தில் இப்போதே பிஸ்டன் வாங்கிவிடாதீர்கள். அசல் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 70 மில்லிமீட்டர். உங்கள் சிலிண்டர் பேரல் எத்தனை முறை போர் செய்யப்பட்டது என்பது அளந்தால்தான் தெரியும். முதலில் குழி, அடுத்து கிராங்க். ஃப்ளைவீல்களை லேத்தில் ஏற்றி டயல் அளவுமானி வைத்து, ஆட்டம் 0.05 மில்லிமீட்டருக்குள் இருப்பதை உங்கள் கண்ணாலேயே பாருங்கள். பிஸ்டன் அதற்குப் பிறகு.