கொழுப்பு குழாய்க்குள் படிவதில்லை, சுவருக்குள் புகுகிறது

கல்லூரியில் உடலியங்கியல் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். ரத்தக்குழாய் பற்றி நம்ம வேலூர்ப் பக்கத்து நண்பர்கள் கேட்டவற்றுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

குடியாத்தம் நண்பர்: பூண்டு, எலுமிச்சை, இஞ்சி கஷாயம் குடித்தால் குழாயில் படிந்த கொழுப்பு கரைந்துவிடும் என்கிறார்களே சார்?

கஷாயம் ருசியாக இருந்தால் குடியுங்கள். ஆனால் சமையலறைக் குழாயில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டுவதுபோல ரத்தக்குழாயில் கொழுப்பு ஒட்டுவதில்லை. குழாயின் உள்பக்கம் முழுக்க ஒரே ஒரு செல் கனத்தில் ஒரு படலம் இருக்கிறது. எண்டோதீலியம் என்பார்கள். அது பழுதானால் எல்டிஎல் என்ற ‘கெட்ட’ கொழுப்பு அதற்கு அடியில், சுவருக்குள் போய்த் தங்கும். அதை விழுங்க வரும் வெள்ளணுக்களும் அங்கேயே சிக்கி வீங்கும். சுரண்டி எடுக்க அது மேலே இருந்தால்தானே!

கழுத்துக் குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் இது அதிகம். அங்கே ரத்தம் நேராக ஓடாமல் சுழல்கிறது. சீரான ஓட்டத்தின் உரசல் பட்டால்தான் இந்தச் செல்கள் நன்றாக இருக்கும்.

காட்பாடியிலிருந்து ஒரு மாணவி: இந்தப் படலத்தின் வேலையை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

நல்ல கதை இது. முயலின் ரத்தக்குழாய்த் துண்டில் அசிட்டைல்கோலின் என்ற நரம்பு வேதிப்பொருளை விட்டால் சிலசமயம் தளர்ந்தது, சிலசமயம் இறுகியது. துண்டை வெட்டித் தயாரிக்கும்போதே உள்படலம் தேய்ந்துபோனதுதான் காரணம் என்று அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் ஃபர்ச்காட் 1980இல் எழுதினார். படலம் இருந்தால் தளரும், போனால் இறுகும். தளர்த்தும் பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு என்பது அப்புறம் தெரிந்தது. 1998இல் அவரோடு இன்னும் இருவருக்கு நோபல் பரிசு.

ஆற்காடு அன்பர்: எனக்குச் சர்க்கரை. கண், கிட்னி, கால் என்று எல்லாவற்றையும் ஏன் பார்க்கச் சொல்கிறார்கள்?

மூன்றிலும் நுண்ணிய குழாய்கள் இருக்கின்றன, அவற்றின் உள்ளேயும் இதே படலம்தான். ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் பல செல்கள் கதவைக் கொஞ்சம் சாத்திக்கொள்ளும். எண்டோதீலியச் செல்லுக்கு அது சரியாக வராது. உள்ளே குவியும் சர்க்கரை, நைட்ரிக் ஆக்சைடைத் தீர்த்துக்கட்டும் பொருள்களை உண்டாக்குகிறது. சோதனைகளைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஆம்பூர் நண்பர்: ஒரு நாளைக்கு நாலே நாலு பீடிதான் சார்.

நாலும் வேண்டாம். பாதியாகக் குறைத்தால் ஆபத்தும் பாதியாகும் என்ற கணக்கு இதயத்துக்குச் செல்லாது.

வேலூர்: அம்மாவுக்கு அறுபது வயது. இனிமேல் நடந்து பயன் உண்டா?

உண்டு. நடக்கும்போது ஓட்டம் கூடும், உரசல் கூடும், படலம் நைட்ரிக் ஆக்சைடை அதிகம் விடும். வெயில் ஏறுமுன் கோட்டைப் பக்கம் கூட்டிப்போங்கள்.

ராணிப்பேட்டை: நெஞ்சுவலிக்கு அப்பா நாக்கடியில் வைக்கும் மாத்திரையும் இதே சங்கதியா?

அதேதான். படலம் தரமுடியாத நைட்ரிக் ஆக்சைடை மாத்திரை தருகிறது. ஆல்ஃபிரட் நோபலுக்கும் இதய நோய்க்கு இந்த வகை மருந்தான நைட்ரோகிளிசரினைத்தான் மருந்தாக எழுதிக்கொடுத்தார்கள், அவர் டைனமைட் செய்த அதே சரக்கு! உட்கார்ந்தபடி வைக்கச் சொல்லுங்கள், நின்றால் தலை சுற்றும். ஆண்மைக் குறைவுக்குச் சாப்பிடும் சில்டெனாஃபில் (வயாகரா) வகை மாத்திரையோடு சேர்க்கவே கூடாது, ரத்த அழுத்தம் ஒரேயடியாக இறங்கிவிடும். வெட்கப்பட்டு டாக்டரிடம் மறைக்கிறவர்கள் உண்டு, அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.