சிமியோனின் பங்குக்கு நான்கெல்லை எங்கே?

கேள்வி: பைபிளில் யோசுவாவின் புத்தகத்தில் இஸ்ரவேல் கோத்திரங்களுக்கு நிலம் பங்கிட்ட கதையை என்னால் நம்ப முடியவில்லை. யூதாவும் யோசேப்பின் வம்சமும் முதலில் எடுத்துக்கொள்கின்றன. ஏழு கோத்திரங்கள் சீலோ என்ற ஊரில் காத்திருக்கின்றன. சிமியோனுக்கு மட்டும் யூதாவின் நிலத்துக்குள்ளேயே சீட்டு விழுகிறது. அதே புத்தகம் சொல்லும் எரிகோ பட்டணத்து மதில் விழுந்ததற்கே அகழாய்வில் ஆதாரம் இல்லையாம். இந்தப் பாகப்பிரிவினை செல்லுமா? சிமியோன் ஏமாற்றப்பட்டதுதானே?

பதில்: எரிகோவைத் தள்ளி வையுங்கள். சீட்டில் தில்லுமுல்லு என்பதையும் விடுங்கள். போட்டவர்கள் ஆசாரியரும் தலைவரும், எதிர்த்துச் சாட்சி சொல்ல எவன் வருவான்? ஊர்ப்பட்டியல்கள் பிற்கால அரசர் காலத்தவை என்று ஆய்வாளர் பலர் சொல்வது உங்களுக்கு இனிக்கும். ஆனால் சிமியோனின் பங்கும் அதே பத்திரத்தில்தான் இருக்கிறது. அது போலி என்று நிரூபித்தால் முதலில் தெருவுக்கு வருவது உங்கள் கட்சிக்காரர்.

பங்கு சிறியது என்ற வாதமும் நிற்காது. பைபிளின் எண்ணாகமப் புத்தகத்தில் சிமியோன் கோத்திரம் முதல் கணக்கில் 59,300 பேர், இரண்டாவதில் 22,200. யூதாவோ 76,500. தலைக்கட்டுக்குத் தக்க பங்கு என்பதுதான் விதி.

பார்க்க வேண்டியது சொத்து விவரத்தை. யோசுவாவின் 15ஆம் அதிகாரத்தில் யூதாவுக்குக் கிழக்கே உப்புக்கடல், மேற்கே பெருங்கடல் என்று நான்கெல்லையும் உண்டு. 19ஆம் அதிகாரத்தில் சிமியோனுக்கு வெறும் ஊர்ப்பெயர்கள். முதல் பட்டியலின் மொத்தம் 13 என்கிறார்கள், எண்ணினால் 14 வருகிறது. அது போகட்டும், பெயெர்செபாவும் சிக்லாகும் யூதாவின் பட்டியலிலும் இருக்கின்றன!

பாகப்பிரிவினை வழக்கோடு என்னிடம் வருகிறவர்கள் விழும் குழியும் இதுதான். ‘கூடப் பிறந்தவன்தானே, எல்லை எதற்கு?’ என்பார்கள். சிமியோனும் யூதாவும் லேயாள் பெற்ற பிள்ளைகள், யூதா தம்பி. என் பங்குக்கு நீ வா, உன் பங்குக்கு நான் வருகிறேன் என்று பேசிக்கொண்டு சேர்ந்தே சண்டைக்குப் போனார்கள், சேர்ந்தே ஊர்களைப் பிடித்தார்கள். அப்புறம் எது யாருடைய அனுபவம் என்று எப்படிப் பிரிப்பது? பிரிபடாத பங்கில் சின்னப் பங்காளியின் பெயர்தான் முதலில் அழியும். பின்னாளில் சிக்லாகைத் தாவீதுக்குக் கொடுத்தவன் காத்தின் ராஜா ஆகீஸ், ஒரு பெலிஸ்தன். அதிலிருந்து அது யூதா ராஜாக்களின் ஊர். சிமியோனை யாரும் கேட்கவில்லை. சிமியோன் ஆட்சேபித்ததாகவும் ஒரு வரி இல்லை. தாவீது ராஜாவாகும்வரை இவை அவர்கள் ஊர்கள் என்று பைபிளின் நாளாகமப் புத்தகமே கணக்கை முடித்துவிடுகிறது.

கேட்டிருக்க வேண்டிய இடம் சீலோ. கோத்திரத்துக்கு மூன்று பேர் போய் நிலத்தைச் சுற்றிப் பார்த்து ஏழு பங்காக எழுதி வந்தார்களே, அதில் சிமியோனின் ஆட்களும் இருந்தார்கள். அன்று வாய் திறக்காமல் இருந்துவிட்டு, அரசன் கையில் ஊர் போன பிறகு வழக்கு என்றால் நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஊர்களை விட்டுக்கொடுத்து மேய்ச்சல் நிலமாவது கேட்டு சமரசம் பேசச் சொல்வேன்.

யூதா ராஜா எசேக்கியாவின் காலத்தில் சிமியோனின் ஆட்கள் மேய்ச்சல் தேடிக் கேதோர் பக்கம் போனார்கள். 500 பேர் சேயீர் மலைக்கே போய்க் குடியேறினார்கள். இரண்டு இடத்திலும் ஏற்கெனவே இருந்தவர்களை வெட்டிவிட்டுத்தான். அந்த நிலத்துக்கு உரிமைமூலம் என்ன என்று மட்டும் அடுத்த கடிதத்தில் கேட்காதீர்கள்.