அப்பாவுக்கு அழாத அம்மா, டிவி கலைஞருக்கு அழுவது ஏன்?

கேள்வி:

அயனாவரத்தில் வசிக்கிறேன். வயது 43. அப்பா மாநகரப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 2020 ஜூலையில் கொரோனாவில் இறந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து உடலை நேராக மயானத்துக்குக் கொண்டு போய்விட்டார்கள். நானும் தம்பியும் தூரத்தில் நின்று பார்த்ததோடு சரி. அம்மாவால் முகம்கூடப் பார்க்க முடியவில்லை. எங்கள் தெருவைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். திண்டிவனத்திலிருந்து மாமாவால் கோடி எடுத்துக்கொண்டு வர முடியவில்லை. பதினாறாம் நாள் காரியத்தை மொட்டை மாடியில் நாங்களே முடித்தோம். அம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

இரண்டு மாதம் கழித்து, செப்டம்பர் 10 அன்று, டிவி காமெடி நடிகர் வடிவேல் பாலாஜி இறந்த செய்தி டிவியில் வந்தது. அம்மா மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். எங்கள் வீட்டில் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள். அடுத்த பதினைந்தாம் நாள் எஸ்.பி.பி. இறந்தார். அவர் பாட்டென்றால் அம்மாவுக்கு உயிர். அதற்குக்கூட அப்படி அழவில்லை.

அப்பா வீட்டில் அதிகம் பேச மாட்டார், சிரிக்கவும் மாட்டார். விஜய் டிவியில் 'அது இது எது' காமெடி நிகழ்ச்சி பார்க்கும்போது மட்டும் வேறு ஆளாகிவிடுவார். கையில் வெங்காயப் பக்கோடா வேண்டும். சிரித்தால் தோல்வி என்கிற 'சிரிச்சா போச்சு' சுற்று வந்தால் அம்மாவிடம் பத்து ரூபாய் பந்தயம் கட்டிவிட்டு முகத்தை உம்மென்று வைத்துக்கொள்வார். வடிவேல் பாலாஜி பெண் வேஷத்தில் வந்து நின்றால் போதும், தோற்றுவிடுவார். இருமல் வருகிற அளவுக்குச் சிரிப்பார். அம்மா முதுகைத் தட்டிவிட்டுத் தண்ணீர் கொடுப்பார். பந்தயக் காசு ஹார்லிக்ஸ் பாட்டிலில் விழும்.

இப்போது ஒவ்வொரு செப்டம்பர் 10 அன்றும் அம்மா பக்கோடா போட்டு, இலைத் துண்டில் கொஞ்சம் வைத்துவிட்டு, செல்போனில் பழைய நிகழ்ச்சிகளைப் பார்த்துச் சிரிக்கிறார், அழுகிறார். அப்பா திதியன்று மட்டும் கல் மாதிரி நிற்கிறார். 2025 செப்டம்பர் 18 அன்று இன்னொரு டிவி காமெடி நடிகரான ரோபோ சங்கர் இறந்ததும், "அங்க இனிமே ரெண்டு பேர் இருக்காங்க" என்றார். அன்றிலிருந்து, அப்பா படத்துக்குப் பக்கத்தில் வடிவேல் பாலாஜி படத்தை மாட்டச் சொல்லிக் கேட்கிறார். தம்பி, "காமெடியனுக்குப் படையல் போடுறது பத்தாதுன்னு இது வேறயா? அப்பாவும் அவரும் ஒண்ணா?" என்று கத்திவிட்டான். அம்மா நாலு நாள் அவனோடு பேசவில்லை. வருகிறவர்கள் சிரிப்பார்கள் என்கிறார் என் மனைவி. அம்மாவுக்கு மனதில் ஏதாவது கோளாறா? படத்தை மாட்டலாமா, கூடாதா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

முதலில் அந்தப் பக்கோடா விஷயத்தைப் பேசிவிடுவோம். வெங்காயப் பக்கோடா உங்கள் அப்பாவுக்குப் பிடித்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வடிவேல் பாலாஜிக்கு அது பிடிக்குமா பிடிக்காதா என்று உங்கள் அம்மாவுக்கு எப்படித் தெரியும்? இலையில் வைத்தது யாருக்கு என்று உங்கள் தம்பி கத்துவதற்கு முன்னால் யோசித்திருக்கலாம்.

நம் ஊரில் அழுவதற்கென்று ஒரு வழக்கம் இருக்கிறது. சாவு வீட்டுக்கு வருகிற பெண்கள் உள்ளே நுழையும்போதே குரல் எடுப்பார்கள். இருக்கிறவர்களைக் கட்டிக்கொண்டு உட்காருவார்கள். ஒப்பாரி செத்தவர் பெயரில் தொடங்கும். பத்து நிமிஷம் போனால் அவரவர் வீட்டுக் கதைக்கு வந்து நிற்கும். எனக்கு ஒரு பெரியம்மா இருந்தார். யார் வீட்டு இழவானாலும் கடைசியில் கிணற்றில் விழுந்து போன தன் மகன் பெயரைச் சொல்லித்தான் அழுவார். 'இங்கே யாருக்கு அழ வந்தாய்' என்று ஒருவரும் அவரைக் கேட்டதில்லை. ஊரார் துக்கத்தில் தன் துக்கத்தையும் சேர்த்து அழுதுவிட்டு, குளித்து, வீடு திரும்பி, அடுப்பு மூட்டுவார்.

உங்கள் அம்மாவுக்கு 2020 ஜூலையில் அதில் என்ன கிடைத்தது? முகம் இல்லை, கோடி இல்லை, கட்டிக்கொண்டு அழ ஒரு ஆள் இல்லை. ஜூன் 19 முதல் ஜூலை 5 வரை சென்னையில் முழு ஊரடங்கு. அது முடிந்தும் பயம் தீரவில்லை. துக்கம் கேட்க வருகிறவர்கள்கூட வாசலுக்கு வெளியே நின்று தலையாட்டிவிட்டுப் போன காலம். அழுகை உள்ளே இருந்திருக்கும். வெளியே வர வேண்டிய வழியைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள்.

அப்புறம் செப்டம்பர் வந்தது. நீங்கள் எழுதாத ஒன்றை நான் ஞாபகப்படுத்துகிறேன். ஐந்து மாதத்துக்கும் மேலாக நின்றிருந்த மாநகரப் பேருந்துகள் அந்த மாதம் 1-ம் தேதிதான் மறுபடி ஓட ஆரம்பித்தன. 7-ம் தேதி மெட்ரோவும் ஓடியது. கண்டக்டர் மனைவி அவர். தெருமுனையில் பஸ் சத்தம் திரும்பக் கேட்ட அந்த வாரம் அவருக்குள் என்ன ஓடியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 10-ம் தேதி பாலாஜி போன செய்தி. கூட நடித்தவர்கள் கேமரா முன்னாலேயே உடைந்து அழுகிறார்கள். ஊரே கூடி அழுகிற ஒரு சாவு கடைசியில் உங்கள் அம்மாவுக்கும் கிடைத்தது. பக்கத்து வீட்டார் ஓடி வந்தார்கள் என்கிறீர்களே, ஜூலையில் வந்திருக்க வேண்டியவர்கள் அவர்கள்.

எஸ்.பி.பி.க்கு ஏன் அப்படி அழவில்லை என்பதற்கு என் மனதில் ஒரு கணக்கு இருக்கிறது. சரியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. எஸ்.பி.பி. பாட்டை அம்மா அடுப்படியில் தனியாகக் கேட்டிருப்பார், அது அவருடைய சொந்தச் சொத்து. வடிவேல் பாலாஜி இரண்டு பேருக்கும் பொதுவானவர். இன்னும் சொன்னால், அந்தச் சுற்றில் விருந்தினர்கள்தான் சிரிக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும், வீட்டில் இருப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். உங்கள் அப்பா வேண்டுமென்றே அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார். அம்மா டிவியையா பார்த்திருப்பார்? பத்து ரூபாய் பந்தயம் கட்டியவர் எதிராளியின் உதட்டைத்தானே பார்ப்பார்!

உங்கள் தம்பியின் கேள்வி பலருக்கும் உள்ள கேள்விதான்: முன்பின் பழகாத ஒருவருக்கு இவ்வளவு அழுகையா? 2023 செப்டம்பர் 8 காலையில் நடிகர் மாரிமுத்து டப்பிங் பேசிக்கொண்டிருக்கும்போதே மயங்கி இறந்த செய்தி வந்தது. எங்கள் மாடி வீட்டு அம்மாள் 'எதிர்நீச்சல்' சீரியலில் அவர் நடித்த ஆதி குணசேகரனை ராத்திரி ஒன்பதரைக்கு 'நாசமாப் போறவன்' என்று வாயாரத் திட்டிவிட்டுத்தான் படுக்கப் போவார். அன்று காலை என் வீட்டுப் படியில் உட்கார்ந்து, "என் வாய்தான் அவரைக் கொண்டுபோயிடுச்சோ" என்று புலம்பினார். சிரிப்பதா, ஆறுதல் சொல்வதா என்று எனக்குத் தெரியவில்லை. காபி கொடுத்தேன். (செப்டம்பர் நம் சின்னத்திரைக்கு ஆகாத மாதமோ என்று எனக்கே சில சமயம் தோன்றும்.)

கொஞ்சம் பழைய கதைக்கும் போகலாம். எம்.ஜி.ஆர் இறந்தது 1987 டிசம்பர் 24. மெரினாவில் அவர் சமாதிக் கல்லில் காது வைத்து, உள்ளே கைக்கடிகாரம் ஓடுகிறதா என்று கேட்கிறவர்களை எத்தனை முறை பார்த்திருப்பீர்கள். என் பாட்டி கேட்டுவிட்டு, "ஓடுது" என்று சொன்னார். வட சென்னையில் எத்தனை வீட்டுச் சாமி அலமாரியில் முருகனுக்குப் பக்கத்தில் எம்.ஜி.ஆர் இருக்கிறார்! அவர் எந்த வழியில் சொந்தம் என்று யாரும் கேட்பதில்லை. விவேக் 2021-ல் போனார். விருகம்பாக்கத்தில் அவர் வீடு இருந்த சாலைக்கே அவர் பெயரை வைத்தார்கள். மிமிக்ரி செய்து, சேலை கட்டி, சாப்பாட்டு நேரத்தில் நம்மைச் சிரிக்க வைத்துவிட்டுப் போனவர்களுக்குத் தெருப் பெயரும் சமாதிக் கல்லும் எங்கே கிடைக்கிறது? வீட்டுச் சுவரில் ஓர் இடம் கேட்கிறார் உங்கள் அம்மா. அதில் கேலிக்கு ஒன்றுமில்லை என்பது என் கட்சி.

ஆனாலும் அப்பா படத்துக்குப் பக்கத்தில், அதே வரிசையில், மாலையும் குங்குமமுமாக மாட்டச் சொல்ல மாட்டேன். வருகிறவர்கள் சிரிப்பார்கள் என்பதற்காக இல்லை. மாலை போட்ட படம் என்றால் அந்த வீட்டில் அவருக்கு ஒரு கடமை இருக்கிறது, திதி இருக்கிறது என்று அர்த்தம். அதைச் செய்ய அவருக்குக் குடும்பம் இருக்கிறது. தபால் அட்டை அளவில் ஒரு படம் எடுத்து, டிவி ஸ்டாண்டில், செட்டாப் பாக்ஸ் பக்கத்தில் வையுங்கள். அவர் உங்கள் வீட்டுக்குள் வந்ததே அந்த வழியாகத்தானே! அம்மாவிடம் கேட்டுவிட்டு வையுங்கள், 'இங்கேதான்' என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

இன்னொன்று, இதைத்தான் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். சட்டம் போட்டு மாட்டியிருக்கும் உங்கள் அப்பா படம் எது? நீங்கள் எழுதவில்லை, ஆனால் நானும் பத்து ரூபாய் பந்தயம் கட்டுகிறேன்: டிப்போ அடையாள அட்டைக்கோ ரேஷன் கார்டுக்கோ எடுத்த படத்தைப் பெரிதாக்கியது. நேராகப் பார்த்து, உம்மென்று. நம் வீடுகளில் ஆண்களின் படம் அப்படித்தான் இருக்கும், அவசரத்தில் கையில் கிடைப்பது அதுதான். ஐந்து வருஷமாக அம்மா தினமும் விளக்கேற்றுவது அந்த முகத்துக்கு. அவருக்குத் தெரிந்த இன்னொரு முகம், இருமலோடு சிரிக்கும் முகம், அந்த வீட்டில் எங்கேயும் இல்லை. அது திரும்ப வருவது பாலாஜியைப் பார்க்கும்போது மட்டும்தான். பக்கத்தில் பாலாஜி படம் இருந்தால் அப்பா சிரித்துவிடுவார் என்றுகூட நினைத்திருக்கலாம், யார் கண்டது!

அதனால் கல்யாண ஆல்பங்களைப் புரட்டுங்கள். மாமா வீட்டு விசேஷங்கள், உங்கள் பிள்ளைகளின் காது குத்து, அப்பாவோடு டிப்போவில் வேலை பார்த்தவர்களின் செல்போன்கள் என்று எல்லாவற்றையும் தேடுங்கள். யாரோ எடுத்த படத்தின் ஓரத்தில், வாயில் வெற்றிலையோடு, பல் தெரிய அப்பா நின்றுகொண்டிருப்பார். வெட்டி, பெரிதாக்கி, அதையும் டிவி பக்கத்திலேயே வையுங்கள். மங்கலாக இருந்தால் பரவாயில்லை.

அம்மாவுக்குக் கோளாறா என்று கேட்டிருக்கிறீர்கள். வருஷத்துக்கு ஒரு நாள் அழுது, சிரித்து, பக்கோடா போடுகிற மனுஷிக்கு என்ன கோளாறு? சாப்பாடு இறங்காமல், தூக்கம் வராமல், வாரக்கணக்கில் யாரோடும் பேசாமல் போனால் அது வேறு. அப்போது தயங்காதீர்கள். சென்னையில் 'கீழ்ப்பாக்கம்' என்ற ஊர்ப் பெயரையே வசவாக்கி வைத்திருக்கிறோம், அதனாலேயே பலர் டாக்டரிடம் போவதில்லை. அரசின் இலவச மனநல உதவி எண் 14416. தமிழிலேயே பேசலாம். எனக்கென்னவோ, ஜூலையையும் மயானத்தையும் மனதில் போட்டு மூடி வைத்திருக்கும் உங்களுக்கும் தம்பிக்கும் அந்த எண் முதலில் பயன்படலாம் என்று படுகிறது. தூரத்தில் நின்று பார்த்தவர்கள் நீங்கள் இருவர்தான். அதை அம்மாவிடம் எப்போதாவது முழுசாகச் சொல்லியிருக்கிறீர்களா?

செல்போன் விஷயத்தில் கொஞ்சம் கவனம் தேவை. இறந்த கலைஞர் பெயரைத் தட்டினால், கடைசி நிமிடம், கதறிய குடும்பம் என்று கண்டதும் வந்து நிற்கும். அம்மாவுக்கு அதில் ஒன்றும் ஆகப்போவதில்லை. அவர் நடித்த முழு நிகழ்ச்சிகளாகத் தேடி, ஒரு பட்டியலாகச் சேமித்து, டிவியிலேயே போட்டுக் காட்டுங்கள். செல்போனின் சின்னத் திரையில் தனியாகப் பார்த்தது போதும்.

வருகிற செப்டம்பர் 10 அன்று தம்பியையும் சாப்பிட வரச் சொல்லுங்கள். முன்கூட்டியே உபதேசம் வேண்டாம், இந்தப் பதிலையும் காட்ட வேண்டாம். பக்கோடாவைக் கையில் கொடுத்து உட்கார வையுங்கள். யார் முதலில் சிரிக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அந்த ஹார்லிக்ஸ் பாட்டில் இப்போது எங்கே என்றும் எழுதவில்லை. அம்மாவிடம் கேளுங்கள்.