‘செத்துடலாம்னு தோணுதா?’ என்று நேராகக் கேட்கலாமா?

2020 கொரோனா ஊரடங்கிலிருந்து முடங்கிக் கிடக்கும், மீன்பிடித் தொழில் செய்யும் மச்சான், “நான் இருந்து என்ன ஆகப்போகுது” என்கிறார், கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிடுமோ என்று பாம்பனிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்.

தூண்டாது. தனியாக உட்கார்ந்து, “மச்சான், செத்துடலாம்னு தோணுதா?” என்றே கேளுங்கள். ஆமாம் என்றால், எப்படி, எப்போது என்று யோசித்திருக்கிறாரா என்பதையும் கேளுங்கள். திட்டம் இருந்தால் ஆபத்து அதிகம். ஒரு நிமிடமும் தனியே விடாதீர்கள். வீட்டிலுள்ள பூச்சிமருந்து, மாத்திரைகளை வேறு வீட்டுக்கு மாற்றிவிடுங்கள். உயிரை விடத் துடிக்கும் வேகம் பெரும்பாலும் சிறிது நேரமே. அந்த நேரத்தில் கைக்கு எட்டாதிருப்பதே பலரைக் காப்பாற்றியிருக்கிறது. “பிள்ளைகளை நினைச்சுப் பாரு” என்று அதட்டுவது குற்ற உணர்வைத்தான் கூட்டும்.

2020 மார்ச் 25-இல் ஊரடங்கு, ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம். வருமானம் நின்றாலும் படகு முன்பணத்தையும் குழுக்கடனையும் திருப்பிக் கேட்பது நிற்கவில்லை. கடன் நெருக்கடியையும் சேர்த்துப் பேசாமல் வெறும் ஆறுதல் பலிக்காது.

தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தி, இரண்டு மூன்று நாளில் கை நடுங்கி, வலிப்போ உளறலோ வந்தால் அது மனக்கவலை அல்ல, உடனே 108.

மனநல ஆலோசனைக்கு 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம். ராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய 2 முதல் 4 வாரம் ஆகும். அதற்குள் “கேட்கல” என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். மனநோய் தீர வேண்டிப் பலர் போகும் ஏர்வாடி தர்காவுக்குப் போவதாக இருந்தாலும் மாத்திரையைக் கையோடு கொண்டுபோங்கள்.