எக்ஸோரா மஞ்சளானால் யூரியா போடாதீர்கள்

கேள்வி: கொழும்பு வெள்ளவத்தையில் புதிதாகக் கட்டிய வீடு. முன் மதிலோரம் 20 அடி நீளம், 3 அடி அகலத்தில் 40 குட்டை எக்ஸோரா (வெட்சி) நட்டுத் தந்தார்கள். ஆறு மாதத்தில் இளம் இலைகள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. யூரியா போட்டும் மாறவில்லை. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு நுவரெலியாக் குட்டை சைப்ரஸ் வைக்கலாம் என்கிறார் தோட்டம் அமைத்தவர். வைக்கலாமா?

பதில்: வேண்டாம். யூரியாவையும் நிறுத்துங்கள்.

இளம் இலை மஞ்சள், நரம்பு பச்சை என்றால் செடிக்கு இரும்புச்சத்துப் போதவில்லை. மண்ணில் இரும்பு இருக்கும். எங்கள் செம்மண் சிவந்திருப்பதே இரும்பால்தான். ஆனால் மதிலடியில் புதைந்த சீமெந்துக் கட்டி, சாந்து, பூச்சு உடைசல் எல்லாம் மண்ணில் சுண்ணாம்பை ஏற்றிவிடும். அந்த மண்ணில் எக்ஸோராவின் வேரால் இரும்பை எடுக்க முடியாது. அது புளிப்பு மண் கேட்கிற செடி. யூரியா போட்டால் துளிர் வேகமாக வரும், அதுவும் மஞ்சளாகவே வரும்.

முக்கால் அடி தோண்டி, ஒரு கைப்பிடி மண்ணைக் கோப்பையில் போட்டு வினாகிரி ஊற்றிப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்புதான்.

வீடு கட்டும் கொந்தராத்தில் உடைசலை அகற்றுவது பற்றிப் பெரும்பாலும் ஒரு வரியும் இருக்காது. வீட்டுக் குப்பை எடுக்கும் லொறியும் அதைத் தொடாது. முன்முற்றத்திலேயே புதைத்து, மேலே நாலு அங்குலம் செம்மண் பரப்பி, கன்றை நட்டுப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். மண் ஏற்றும் டிப்பருக்கு அனுமதிப்பத்திரம் கேட்கிறார்கள், அந்த மண்ணுக்குள் என்ன கிடக்கிறது என்று கேட்க ஒருவரும் இல்லை.

செடிகளை வேர்மண்ணோடு தூக்கி நிழலில் வையுங்கள். ஒன்றரை அடி ஆழத்துக்கு அகழ்ந்து உடைசலை வெளியேற்றுங்கள். குழி 90 கன அடி, அதாவது ஒரு கியூபுக்கும் (100 கன அடி) குறைவு. மூன்று பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு கூட்டெரு, ஒரு பங்கு கழுவிய தும்புத்தூள் கலந்தால், அமுங்குவதையும் சேர்த்து முக்கால் கியூப் மண் தாராளம். "இரண்டு கியூப் வேணும்" என்பவரை நம்பாதீர்கள். மதிலிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, ஒன்றரை அடிக்கு ஒன்றாக ஒரே வரிசையில் நட்டால் 13 செடி போதும். 40 என்பது பில்லுக்காக நட்ட கணக்கு. மிச்சத்தைச் சட்டிக்கு மாற்றுங்கள்.

புதுத் துளிர் தெளியும்வரை, ஒரு லீற்றர் தண்ணீரில் 3 கிராம் இரும்புச் சல்பேற்றுக் கரைத்து, இரண்டு வாரத்துக்கொரு முறை மாலையில் இலைக்குத் தெளியுங்கள். தரை ஓட்டில் பட்டால் துருக்கறை போகாது. முதலில் சாக்கு விரியுங்கள்.

சைப்ரஸ் விஷயம். நுவரெலியா 6,000 அடிக்கு மேலே. அந்தக் குளிரில் வளர்ந்தது கொழும்பின் இரவுப் புழுக்கத்தில் உள்ளிருந்து காயத் தொடங்கும். காய்ந்த கிளையில் மறுபடி துளிர்க்காது. இது தெரிந்தேதான் விற்கிறார்கள்.

ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வீடு காலி வீதிக்குக் கடற்பக்கம் இருந்து, மஞ்சளோடு இலை ஓரமும் கருகினால், அது உப்புக்காற்று. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று உப்பை இலையில் படியவைக்கும். மண்ணை மாற்றினாலும் இது தீராது. மதில் உயரத்துக்குக் கீழே கத்தரித்து வைத்தால் பாதி தப்பும். காற்று பலமாக அடித்த நாள்களில் மாலையில் குழாய்த் தண்ணீரால் இலையைக் கழுவ வேண்டும். அதற்கு நேரமில்லையென்றால் எக்ஸோராவை விட்டு, கிறீன் ஐலண்ட் என்ற குட்டைச் செடியை வையுங்கள். தடித்த வட்ட இலை, உப்பைத் தாங்கும், மூன்றடியில் கத்தரித்து வைக்கலாம். அதுவும் ஆல், அத்தி இனம்தான், வேர் உள்ளே புகும் என்பதால் மலக்குழிக்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் பக்கத்தில் மட்டும் நடாதீர்கள்.